முனை கிடைக்காத ஊசி

மேனேஜர் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்து சொன்னான். எங்கள் தையல் கம்பெனியில் மேனேஜர் ரூமுக்குப் போனவள் அழாமல் திரும்பி நான் பார்த்ததில்லை. என்ன தப்பு செய்தேன் என்று யோசித்தபடியே போனேன். முந்தானை முடிச்சில் எப்போதும் எங்கள் தெரு அம்மன் கோயில் குங்குமம் ஒரு பொட்டலம் இருக்கும். கதவுக்கு வெளியே நின்று அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே காலை வைத்தேன்.

"அடுத்த மாசத்துல இருந்து நீ லைன் சூப்பர்வைசர்மா. கொஞ்ச நாள் பாப்போம். சரியா வந்தா நிரந்தரம்" என்றார்.

"வேணாம் சார்."

"ஏன்?"

"பயமா இருக்கு சார்."

அவர் சிரித்துவிட்டார். "துணி வாங்குற வெளிநாட்டுக்காரங்க கேக்கறாங்கம்மா. இவ்ளோ பொம்பளைங்க தைக்கிறாங்க, மேல்பார்வைக்கு ஒரு பொம்பளைகூட இல்லையான்னு. நீ லேட்டா வர்றதில்ல. எழுதப் படிக்கத் தெரியும். வாயாடவும் மாட்டே. போ, போய் வேலையப் பாரு."

வாயாட மாட்டேன் என்பதுதான் என் கஷ்டமே என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

தொண்ணூறுகளின் கடைசி அது. செங்கல்பட்டுக்கும் சிங்கப்பெருமாள் கோயிலுக்கும் நடுவில், பெரிய ரோட்டை ஒட்டி இருந்தது அந்தக் கம்பெனி. கைக்குழந்தைகள் போடுகிற துணி தைத்தோம். ஒருத்தி தோள் மூட்டுவாள், அடுத்தவள் கழுத்து, அதற்கடுத்தவள் கை. கட்டுக் கட்டாகத் துணி ஒரு மெஷினில் இருந்து அடுத்த மெஷினுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அந்த வரிசைக்குத்தான் லைன் என்று பெயர். நான் எட்டாவது வரை படித்தவள். கழுத்துப் பட்டி வைப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது.

எனக்கு முதல் பயம் மேனேஜர் இல்லை. அந்த லைனில் கை மூட்டுகிற மெஷினில் உட்கார்ந்திருந்தது என் நாத்தனார். என் வீட்டுக்காரரின் அக்கா. அண்ணி என்று கூப்பிடுவேன். எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே வாசல், ஒரே குழாய். அண்ணியின் வீட்டுக்காரர் நெஞ்சு நோய்க்காரர், படுக்கையோடு சரி. ஒரே பெண் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அண்ணி வாங்கும் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. என்னை இந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டதும் அவர்தான். அவரைப் போய் நான், இது தப்பு, பிரித்துத் தை என்று சொல்ல வேண்டும்.

அன்று சாயந்திரம் வாசலில் விஷயத்தைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தார். "இன்னாம்மே, ஆபீசரம்மா ஆயிட்டியா? இனிமே உன்னப் பாக்க சீட்டு எழுதிக் குடுத்துட்டுதான் வரணுமா?"

அண்ணி குடத்தைக் குழாயடியில் வைத்தவர் திரும்பிப் பார்க்கவில்லை. "நல்லதுதானே. நாளைக்கு என்னியும் எழுந்து நிக்கச் சொல்லுவா. நிக்க வேண்டியதுதான்" என்றார்.

"அப்படி எல்லாம் இல்ல அண்ணி."

"எப்படி எல்லாம் இல்ல? அதுக்குத்தானே சம்பளம் ஏத்தறான்?"

குடம் நிறைந்து வழிந்தது. அண்ணி அதை எடுக்கவும் இல்லை, குழாயை மூடவும் இல்லை. நான்தான் போய் மூடினேன்.

சூப்பர்வைசர் ஆகப் போகிறவர்களுக்குப் பயிற்சி என்று சொல்லி, பக்கத்துக் கம்பெனிப் பெண்களையும் சேர்த்து, மகாபலிபுரத்துக்கு வேனில் கூட்டிப் போனார்கள். கடற்கரை ஓட்டல் ஒன்றின் ஹால். உள்ளே ஏசி போட்டு ஜில்லென்று இருந்தது. வட்டமாக நாற்காலி போட்டிருந்தார்கள். நாங்கள் போய்ச் சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டோம். சென்னையில் இருந்து பாடம் நடத்த வந்த மேடம் ஒவ்வொருத்தியாகக் கையைப் பிடித்து எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்தார். நல்ல மனுஷி. முகத்தில் கோபமே இல்லை.

"இந்த வேலையில உங்களுக்கு எதப் பாத்து பயம்? ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்று மைக்கைக் கொடுத்தார்.

முதலில் வாங்கியவள், "கக்கூஸ்ல பாம்பு வருது மேடம்" என்றாள். இரண்டாமவள், "எங்க மாமியார் மேடம்" என்றாள். ஹாலே சிரித்தது. அடுத்து என் கைக்கு மைக் வந்தது. கோயில் தீபத்தைத் தொட்டு ஒற்றுவது மாதிரி மைக்கைக் கண்ணில் ஒற்றி, பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டேன். அதற்கும் சிரித்தார்கள்.

சாப்பாட்டு வேளையில் தட்டோடு அந்த மேடம் பக்கத்தில் போய் நின்றேன். "மேடம், நம்மளவிட மூத்தவங்க, நமக்கு உறவுக்காரங்க, தப்புப் பண்ணா எப்படிச் சொல்றது?"

"தொழில் வேற, குடும்பம் வேறம்மா. கம்பெனி கேட்டுக்குள்ள நுழைஞ்சா நீங்க சூப்பர்வைசர், அவங்க ஆபரேட்டர். அவ்ளோதான்."

அவர் சொன்னது சரிதான். ஆனால் கேட்டுக்கு உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் நாங்கள் ஒரே வேனில்தான் இருப்போம். இறங்கினால் ஒரே வாசல். அதை அவரிடம் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டு மற்றவர்கள் எல்லாரும் அலையில் கால் நனைக்கப் போனார்கள். நான் மணலில் உட்கார்ந்து, தாயே, எனக்குப் பதில் வேறு யாரையாவது இந்த வேலைக்குப் பார்த்துவிடு என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

அம்மன் அதைக் காதில் வாங்கவில்லை.

சூப்பர்வைசர் என்று நின்ற முதல் நாளில் இருந்து அண்ணி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். டீ வேளையில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "மேடம் டீ குடிச்சாங்களா? அவங்க குடிச்சப்புறம்தான் நாம குடிக்கணும்" என்பார். சுற்றி இருக்கிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரிப்பது மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன்.

காலையில் எழுந்ததும் பயம், வேனில் ஏறினால் பயம், சங்கு ஊதினால் பயம். லைன் முழுக்கச் சுற்றி வருவேன். அண்ணி மெஷின் கிட்டே வரும்போது மட்டும் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடும். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் பக்கத்து மெஷின்காரியிடம் சொல்வேன். "அவங்ககிட்ட கொஞ்சம் சொல்லேன், கை மடிப்பு கோணலா வருதுன்னு." அவள் திரும்பி அண்ணியிடம் சொல்வாள். அண்ணி, "காதுல விழுந்துதுன்னு சொல்லு" என்பார். மூன்று பேரும் ஒரு கை நீட்டும் தூரத்தில்தான் இருப்போம்.

இங்கே ஊசி சமாசாரத்தைச் சொல்ல வேண்டும்.

குழந்தைத் துணி தைக்கிற இடத்தில் ஊசி உடைந்தால் லேசு இல்லை. உடனே கையைத் தூக்க வேண்டும். உடைந்த துண்டு எல்லாவற்றையும் தேடி எடுத்து, ஒட்டிப் பார்த்து முழு ஊசி ஆகிறதா என்று காட்டினால்தான் புது ஊசி தருவார்கள். ஒரு துணுக்கு குறைந்தாலும் லைனை நிறுத்திவிட்டு, அந்த மெஷினில் இருந்து போன துணி பூராவும் தடவிப் பார்க்க வேண்டும். எங்கோ ஒரு தேசத்தில் ஒரு பச்சைப் பிள்ளை உடம்பில் குத்திவிடக் கூடாதே. இப்போது துணிக்குள் இரும்பு இருந்தால் கத்துகிற மெஷின் எல்லாம் வந்துவிட்டது என்கிறார்கள். அப்போது எங்களிடம் இருந்தது ஒரு காந்தக் கட்டையும் எங்கள் விரல்களும்தான்.

சட்டம் நல்ல சட்டம். ஆனால் கையைத் தூக்கினவளுக்குக் கிடைத்தது வசவு. எனக்கு முன்னால் சூப்பர்வைசராக இருந்த ஆள், "ஊசி உங்கப்பன் வூட்டு சொத்தா?" என்று ஆரம்பித்தால் காது கூசும். அதனால் பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் தாலிக் கயிற்றில் ஊக்கு மாட்டாத பெண் கிடையாது. அதோடு கடைவீதியில் வாங்கிய மெஷின் ஊசி ஒன்றையும் கயிற்றின் முறுக்குக்குள் செருகிக்கொள்வார்கள். கேட்டில் பையைச் சோதிப்பார்கள், டிபன் பாக்ஸைத் திறப்பார்கள். தாலியில் எவன் கை வைப்பான்? ஊசி உடைந்தால் சத்தம் போடாமல் கயிற்றில் இருந்து எடுத்து மாட்டிக்கொண்டு, உடைந்ததை முந்தானையில் முடிந்துவிடுவார்கள். மேலே இருந்தவர்கள் யாருக்கும் இது தெரியாது. எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அண்ணி அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அவர் மட்டும் அந்த ஆள் எவ்வளவு கத்தினாலும் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்பார். "திட்டினா திட்டிட்டுப் போறான், ஒட்டிக்கவா போவுது" என்பார்.

ஆடி மாதம். அன்று சாயந்திரமே லாரி ஏற வேண்டிய சரக்கு. வெள்ளைத் துணி, வாத்துக்குஞ்சு படம் போட்டது. மேனேஜர் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டே இருந்தார். டீ குடித்துவிட்டு வந்து நான் லைனைச் சுற்றும்போது, தூரத்தில் இருந்தே கண்ணில் பட்டது, அண்ணியின் தாலி வெளியே தொங்கியது.

ஆண்பிள்ளைக்கு அதில் ஒன்றும் தெரியாது. அண்ணி தாலியை எப்போதும் ரவிக்கைக்குள்தான் போட்டிருப்பார். கயிற்றில் இருந்து எதையாவது கழற்றியவள்தான் அவசரத்தில் அதை வெளியே விடுவாள்.

பார்க்காத மாதிரி அடுத்த மெஷினுக்குப் போய்விடலாமா என்றுதான் தோன்றியது. ஊசி உடைந்தும் மறைத்தாள் என்று தெரிந்தால் வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள். படுத்திருக்கிற மனுஷனுக்கு மருந்து யார் வாங்குவது? நான் காட்டிக்கொடுத்து அண்ணி வேலை போனால், அந்த வாசலில் நான் எந்த முகத்தோடு நிற்பது? பக்கத்து மெஷின்காரியிடம் சொல்லியும் கேட்க முடியாது. கேட்டால் எட்டு ஊருக்குத் தெரிந்துவிடும்.

அதே நேரத்தில் அந்த வாத்துக்குஞ்சுத் துணி கண் எதிரே போய்க்கொண்டிருந்தது. யார் பெற்ற பிள்ளையோ. தாயே, நீதான் துணை என்று முடிச்சைப் பிடித்துக்கொண்டு அண்ணி பக்கத்தில் போய் நின்றேன். சூப்பர்வைசர் ஆனபிறகு அத்தனை கிட்டத்தில் நின்றது அன்றுதான்.

"அண்ணி, ஊசி உடைஞ்சுதா?"

அவர் தலையைத் தூக்கவில்லை. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. "இன்னா பேசற நீ? போ அப்பால."

"அண்ணி, தாலி வெளியே கீது."

மெஷின் நின்றது. அண்ணியின் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. பிறகு மூச்சுக்காற்று மாதிரி, "மேல் துண்டு என்கிட்ட கீது. முனை கிடைக்கல. தேடிட்டேன். கட்டு போயிடுச்சி" என்றார்.

அதற்குப் பிறகு நான் யோசித்ததாக நினைவு இல்லை. சுவரோரம் போய் லைன் சுவிட்சை இறக்கிவிட்டேன்.

ஒரு லைனின் அத்தனை மெஷின் சத்தமும் ஒரே நேரத்தில் அடங்கினால் எப்படி இருக்கும் என்று அங்கே வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும். பிணம் எடுத்துப்போன வீடு மாதிரி இருந்தது. எல்லார் முகமும் என்னைப் பார்த்தது. மேனேஜர் ஓடி வந்தார்.

"எவ நிறுத்தினது? லாரி வாசல்ல நிக்குது!"

"நான்தான் சார். ஊசி உடைஞ்சிருக்கு. முனை கிடைக்கல."

"எந்த மெஷின்?"

"முதல்ல துணியத் தேடிடலாம் சார். கை மூட்டினதுல இருந்து பேக்கிங் போனது வரைக்கும் திரும்ப வரணும்."

"எந்த மெஷின்னு கேட்டேன்."

பொய் சொல்லலாம். தெரியவில்லை என்று சொல்லலாம். ஆனால் எந்த மெஷின் என்று சொல்லாமல் எந்தக் கட்டைத் தேடுவது? கையை நீட்டி அண்ணியின் மெஷினைக் காட்டினேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பேக்கிங்கில் இருந்து கட்டுகள் திரும்பி வந்தன. பெண்கள் எல்லாரும் கீழே உட்கார்ந்து ஒவ்வொரு துணியாகத் தையல் தையலாக விரலால் அழுத்திப் பார்த்தோம். தரையில் காந்தத்தை இழுத்தோம். மெஷினைக் கவிழ்த்துக் கொட்டினோம். அண்ணியும் எங்களோடு உட்கார்ந்து தேடினார். விரல் நுனி எல்லாம் எரிந்தது. லாரி காத்திருந்து, ஹாரன் அடித்துவிட்டு, சரக்கில்லாமல் போயிற்று. முனை கிடைக்கவே இல்லை. சந்தேகப்பட்ட கட்டு எல்லாவற்றையும் தனியாக எடுத்துக் கத்தரித்துப் போட்டார்கள். வாத்துக்குஞ்சுகள் துண்டு துண்டாகக் கிடந்ததைப் பார்க்க முடியவில்லை.

கையைத் தூக்காமல் மறைத்தாள் என்று அண்ணியை அப்போதே வெளியே அனுப்பிவிட்டார்கள். சொல்லி அனுப்பும்போது வந்தால் போதும் என்றார் மேனேஜர். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும்.

அன்று வேனில் என்னோடு யாரும் பேசவில்லை. தெருமுனையில் இறங்கி, வீட்டுக்குப் போகப் பயந்து அம்மன் கோயிலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். பூசாரி விளக்கை ஏற்றிவிட்டு, "வூட்டுக்குப் போம்மா, புருஷன் தேடப் போறாரு" என்று சொல்லும் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். தாயே, நான் செய்தது சரியென்று ஒரு அறிகுறி காட்டு என்று கேட்டேன். சாமி ஒன்றும் காட்டவில்லை.

வாசலில் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது. "எங்கக்காதான் கிடைச்சுதா உனக்கு?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

அண்ணி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. போய்த் தட்டினேன். கை நடுங்கியதில் இரண்டு தட்டாக விழ வேண்டியது பல தட்டாக விழுந்தது. கதவைத் திறந்தவர் என் கையைத்தான் முதலில் பார்த்தார்.

"ஏன் இப்படி நடுங்கினு கீறே?"

"பயமா கீது அண்ணி."

"அந்த மேனேஜரைப் பாத்தா?"

"உங்களைப் பாத்து."

அண்ணி நிலைப்படியில் உட்கார்ந்தார். உள்ளே அவர் வீட்டுக்காரர் இருமுகிற சத்தம் கேட்டது. "நல்லா கீது போ. நான் உன்னப் பாத்து பயந்துகினு கிறேன், நீ என்னப் பாத்து நடுங்கறே."

"என்னைப் பாத்து உங்களுக்கு என்ன அண்ணி பயம்?"

"அந்தாளு இருந்தப்ப உடைஞ்சா கையத் தூக்குவேனா மாட்டேனா? அவன் யாரோ. திட்டுவான், தொடைச்சிப் போட்டுட்டு வந்துருவேன். நீ என் தம்பி பொண்டாட்டி. உன் எதிர்ல போயி உடைஞ்ச ஊசிய ஏந்திக்கினு நிக்கச் சொல்றியா என்னை? அதுக்குத்தான் நானும் கடைவீதில ஊசி வாங்கி வச்சேன். நீ சூப்பர்வைசர் ஆன அப்பறம்தான் வாங்கினேன்." உள்ளே ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, "நீயும் என் பக்கமே வரல. வந்திருந்தா ரெண்டு திட்டு திட்டிட்டாவது உடைஞ்சத உன் கையில குடுத்திருப்பேன்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. ஆனால் கட்டிக்கொண்டு எல்லாம் அழவில்லை. அவர் உள்ளே போய்க் கஞ்சி காய்ச்ச வேண்டியிருந்தது.

மறுநாள் காலையில் யாரும் கூப்பிடாமல் நானே மேனேஜர் ரூமுக்குப் போனேன். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணியைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்றேன். மறைத்தது அவர் மட்டும் இல்லை, எல்லாரும் மறைக்கிறார்கள், கையைத் தூக்கினால் திட்டு விழுகிற வரைக்கும் மறைப்பார்கள் என்றேன். தாலிக் கயிற்று விஷயத்தையும் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, என்னையும் இன்றோடு அனுப்பிவிடுவார் என்றே நினைத்தேன்.

"இவ்ளோ நாளா ஏம்மா சொல்லல?"

"யாரும் கேக்கல சார். எனக்கும் சொல்ல பயம்."

"இப்ப என்ன பண்ணனும்ங்கற?"

"ஊசி உடைஞ்சா திட்டக் கூடாது சார். யாரும். அது ஒண்ணு போதும். என் லைன்ல நான் பாத்துக்கறேன்."

நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "உன் பொறுப்பு" என்றார்.

அண்ணி திரும்பி வந்தார். ஆனால் என் லைனுக்கு வரவில்லை. அவரே கேட்டு அடுத்த லைனுக்குப் போய்விட்டார். "வூட்ல உன் மூஞ்சி, அங்கியும் உன் மூஞ்சியா? வேணாம்டி" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இருந்தாலும் அது எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது.

என் லைனில் உடனே எல்லாரும் கையைத் தூக்கிவிடவில்லை. தாலியில் இருந்த ஊசிகள் ஒவ்வொன்றாகப் போக வெகுநாள் பிடித்தது. பிறகு என்னை நிரந்தரம் ஆக்கினார்கள். இன்னும் சில பெண்கள் சூப்பர்வைசர் ஆனார்கள். அவர்களில் ஒருத்தி வந்து, "அக்கா, உங்களுக்கு மட்டும் எப்படிப் பயமே இல்ல?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. லைன் சுவிட்சைத் தொடும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்கும் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

அந்த முனை எங்கே போனது என்று மட்டும் தெரியவில்லை. தரையில் விழுந்து பெருக்கித் தள்ளியிருக்கலாம். கத்தரித்துப் போட்ட துணியில் இருந்திருக்கலாம். அதற்கு முன்னாலேயே பெட்டிக்குள் போய்விட்ட ஏதோ ஒரு துணியில் இருந்திருக்குமோ என்பதுதான் என் வேதனை. எந்தக் குழந்தைக்கு என்று பெயர் சொல்லி வேண்டிக்கொள்வது? ஊர் பேர் தெரியாத அந்தப் பிள்ளைக்காக வெள்ளிக்கிழமைகளில் ஒரு விளக்கு தனியாகப் போடுவேன்.

சில வருஷம் கழித்து அண்ணியின் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகி, கேளம்பாக்கத்தில் இருந்து பிரசவத்துக்கு வந்து, பேரன் பிறந்தான். பெயர் வைக்கிற அன்று வாசல் முழுக்கச் சொந்தக்காரர்கள். அண்ணி குழந்தையைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, இன்னொரு கையில் புதுச் சட்டையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். கடையில் வாங்கிய சட்டை. ஓரத்தில் மஞ்சள் தடவியிருந்தது.

"மஞ்சள் வச்சாச்சி. நீ ஒரு தடவ பாத்துக் குடு. அப்பறம்தான் போடணும்" என்றார்.

நான் சட்டையை வாங்கி உள்புறம் திருப்பி, கை மூட்டின இடத்தில் இருந்து ஆரம்பித்தேன். அண்ணி குழந்தையை அணைத்துக்கொண்டு என் விரல்களையே பார்த்தபடி நின்றார்.